அட்டோன்மென்ட்: கணக்குத் தீர்ப்பதா, ஒப்புரவாவதா?

வேதபாடம்
வாசிக்க வேண்டிய பகுதிகள்: லேவியராகமம் 6:1-7, மத்தேயு 5:23-24, லூக்கா 19:1-10, 2 கொரிந்தியர் 5:18-20



இந்த முறை ஒரு ஆங்கில வார்த்தையை எடுத்துத் தியானிக்கப் போகிறோம். "இங்கிலீஷ் வார்த்தை நமக்கு எதுக்கு பாஸ்டர்?" என்று மூத்த தாய்மார் கேட்கலாம். காரணம் உண்டு. நம்முடைய பிள்ளைகள் ஆங்கிலத்தில் கதைகளும் நாவல்களும் வாசிக்கிறார்கள். ஊழியக்காரர்களாகிய நாங்களும் ஆங்கிலப் புத்தகங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பிரசங்கம் ஆயத்தம் பண்ணுகிறோம். அவைகளில் அட்டோன்மென்ட் என்ற வார்த்தை வரும்போதெல்லாம் "பரிகாரம்", "பிராயச்சித்தம்" என்று சொல்லிட்டுக் கடந்துபோயிடுறோம். பரிகாரம் என்று கேட்டவுடனே நம்ம ஜனங்களுக்கு என்ன தோணும்? இவ்வளவு செலவு பண்ணினால் தோஷம் கழிந்தது, அத்தோடு கணக்கு முடிந்தது என்றுதான் தோணும்.

ஆனால் அந்த வார்த்தை பிறந்த விதமே வேறு. அதைப் பிரித்துப் பாருங்கள்: அட், ஒன், மென்ட். பிரிந்திருந்த இருவர் ஒன்றாயிருக்கும் நிலை என்பதே அதன் நேரான அர்த்தம். அந்தக் காலத்து ஆங்கிலேயர் "ஒன்" என்ற எண்ணை "ஓன்" என்று நீட்டி உச்சரித்தார்கள். அலோன், ஓன்லி என்ற வார்த்தைகளிலும் அதே "ஓன்" இன்றைக்கும் ஒளிந்திருக்கிறது. 1513-ஆம் ஆண்டு வாக்கில் தாமஸ் மோர் மூன்றாம் ரிச்சர்டு ராஜாவின் சரித்திரத்தை எழுதும்போது, பகைத்திருந்த பிரபுக்கள் சமாதானமானதற்கு இந்த வார்த்தையைப் போட்டார். அந்த இடத்தில் அது பலியையோ காணிக்கையையோ குறிக்கவில்லை, மனுஷருக்குள் உண்டான சமாதானத்தையே குறித்தது.

அதே வார்த்தையை வேதத்துக்குள் கொண்டுவந்தவர் வில்லியம் டிண்டேல். 1526-இல் அவருடைய ஆங்கிலப் புதிய ஏற்பாடு ஜெர்மனியின் வோர்ம்ஸ் பட்டணத்தில் அச்சாயிற்று. 2 கொரிந்தியர் 5-ஆம் அதிகாரத்தில் நம்முடைய தமிழ் வேதம் ஒப்புரவாக்குதல் என்று சொல்லும் இடத்தில் அவர் அட்டோன்மென்ட் என்று போட்டார். பிற்பாடு 1530-இல் மோசேயின் ஆகமங்களை மொழிபெயர்க்கும்போது, லேவியராகமத்தில் நாம் பாவநிவிர்த்தி என்று வாசிக்கும் இடங்களிலும் அதையே உபயோகித்தார். பாருங்க, தமிழிலே இரண்டு வார்த்தை, அவருக்கோ ஒரே வார்த்தை! பலியினால் பாவம் நீங்குவதையும் பகை ஒழிந்து ஒன்றாவதையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. (மோரும் டிண்டேலும் ஒருவரையொருவர் கடுமையாக எதிர்த்து எழுதினவர்கள். 1535-இல் மோர் சிரச்சேதம் பண்ணப்பட்டார். 1536-இல் டிண்டேல் கழுத்து நெரிக்கப்பட்டு எரிக்கப்பட்டார். ஒன்றாகுதல் என்ற வார்த்தையை எழுதின இரண்டு பேரும் கடைசிவரை ஒன்றாகவில்லை.)

1611-இல் வந்த ஜேம்ஸ் ராஜா மொழிபெயர்ப்பின் புதிய ஏற்பாட்டில் இந்த வார்த்தை ரோமர் 5:11-இல் மாத்திரம் நின்றது. ஏறக்குறைய அதே காலத்தில் ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ நாடகத்தில், தன் புருஷனும் அவனுடைய படைத்தலைவனும் மனஸ்தாபமாயிருப்பதைக் கண்ட டெஸ்டிமோனா, அவர்களைச் சேர்த்துவைக்க ஆசைப்படுகிறாள். அதற்கும் இதே வார்த்தைதான். 17-ஆம் நூற்றாண்டு போகப்போக அர்த்தம் மெல்ல நகர்ந்து, குற்றம் செய்தவன் செலுத்துகிற ஈடு என்றாயிற்று. பழைய பிரெஞ்சிலிருந்து வந்த அமெண்ட்ஸ் என்ற வார்த்தைக்கோ ஆதியிலிருந்தே அபராதம், நஷ்டஈடு என்கிற வாசனைதான். இரண்டும் சேர்ந்துகொண்டது. எதிரே இருக்கிற மனுஷனை மறந்துவிட்டுத் தொகையை மாத்திரம் பார்க்கிற பேச்சு வந்துவிட்டது.

இதை ஆங்கில நாவலாசிரியர்கள் நன்றாய்ப் பிடித்திருக்கிறார்கள். 1871-72-இல் வெளிவந்த "மிடில்மார்ச்" என்ற நாவலை எழுதின ஜார்ஜ் எலியட் ஒரு பெண்மணி. வாலிபத்தில் பக்தியாயிருந்து பிற்பாடு விசுவாசத்தை விட்டுப் போனவர்தான். ஆனாலும் ஜெபிக்கிற மனுஷனுடைய உள்ளம் எப்படித் தன்னையே ஏமாற்றும் என்பதை அவரைப்போல் எழுதினவர்கள் குறைவு.

அந்தக் கதையில் புல்ஸ்ட்ரோட் என்று ஒரு பாங்குக்காரர் வருகிறார். பெரிய பக்திமான், தர்மகாரியங்களுக்கு முன்நிற்பவர். வாலிபத்தில் அவர் பணக்கார விதவை ஒருத்தியை விவாகம்பண்ண இருந்தார். அவளுடைய மகள் வீட்டைவிட்டுப் போயிருந்தாள். மகளைத் தேடிக் கண்டுபிடித்த பிறகே மறுவிவாகம் என்றாள் தாய். மகள் இருக்கும் இடம் இவருக்குத் தெரிந்தும் மறைத்தார். தெரிந்த இன்னொருவனுக்குப் பணம் கொடுத்து வாயை அடைத்தார். ஆஸ்தி எல்லாம் அவருக்கு வந்தது. அதைக் கர்த்தருடைய ஆசீர்வாதம் என்றே மனதில் எழுதிக்கொண்டார்!

வருஷங்கள் கழித்து அந்த ஆள் வந்து மிரட்ட ஆரம்பிக்கிறான். அப்போதுதான் புல்ஸ்ட்ரோட் அந்த மகளுடைய குமாரன் வில் லாடிஸ்லாவைத் தனியே வரவழைத்து, சட்டப்படி உனக்கு ஒன்றும் இல்லை, ஆனாலும் வருஷம் 500 பவுன் தருகிறேன் என்கிறார். தான் பரிகாரம் செய்துவிட்டால் தேவன் தன்னை அவமானத்துக்குத் தப்புவிப்பார் என்பது அவருடைய உள்பேரம். வாலிபன் வேண்டாம் என்று போயிட்டான். புல்ஸ்ட்ரோட் அழுதார். அந்தக் கண்ணீர் யாருக்காக என்று ஜெபத்தோடே யோசியுங்கள்.

கடைசியில் எல்லாம் வெளியே வந்து ஊரே கைவிட்டது. அவருடைய மனைவி ஹாரியட் விஷயத்தைக் கேள்விப்பட்டு அறையைச் சாத்திக்கொண்டாள். பிறகு நகைகளைக் கழற்றி, எளிய கறுப்பு வஸ்திரம் உடுத்தி, இறங்கிவந்து தலைகவிழ்ந்திருந்த புருஷனுடைய பக்கத்தில் உட்கார்ந்து அவர்மேல் கையை வைத்தாள். இருவரும் சேர்ந்து அழுதார்கள். அங்கே ஒரு பவுனும் கைமாறவில்லை. டிண்டேல் எழுதின பழைய அர்த்தம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது என்பேன்.

தாமஸ் ஹார்டி 1886-இல் எழுதின "காஸ்டர்பிரிட்ஜ் மேயர்" கதையில் ஹென்சார்ட் என்பவன் குடிவெறியில் மனைவியையும் குழந்தையையும் சந்தையில் 5 கினி காசுக்கு விற்றுப்போடுகிறான். மறுநாள் காலை ஆலயத்தில் போய் 21 வருஷம் குடிப்பதில்லை என்று ஆணையிடுகிறான். அதை நிறைவேற்றவும் செய்தான். நீண்ட காலத்துக்குப் பின் மனைவி திரும்பி வந்தபோது கடிதத்தோடு அதே 5 கினியை அனுப்பி, மறுபடியும் விவாகம் செய்துகொள்கிறான். கணக்கு சரி. ஆனால் அன்பு இல்லை.

நம்முடைய நாட்களில் இயன் மெக்யூவன் 2001-இல் எழுதின நாவலுக்கு "அட்டோன்மென்ட்" என்றே பெயர். 2007-இல் சினிமாவாகவும் வந்தது. பிரையனி என்கிற 13 வயதுப் பெண் சொன்ன பொய்ச்சாட்சியால் ஒரு நிரபராதி சிறைக்குப் போகிறான். அவனும் அவனை நேசித்த அவளுடைய அக்காளும் 1940-இல், யுத்தகாலத்தில், மரித்துப்போனார்கள். கிழவியான பிரையனி தன் கதையில் அவர்களை உயிரோடு சேர்த்துவைத்து எழுதுகிறாள். மன்னிக்க வேண்டியவர்கள் கல்லறையில். கதைக்குள்ளே தானே கடவுள். தனக்கு மேலே ஒருவர் இல்லாதபோது யாரிடத்தில் மன்னிப்புக் கேட்பது? அவளே அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்கிறாள்.

இப்போது லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். அயலானை வஞ்சித்தவன் முதலைத் திருப்பிக் கொடுத்து, ஐந்தில் ஒரு பங்கு கூட்டியும் கொடுக்க வேண்டும். யாரிடத்தில்? உடையவனிடத்தில். ஆட்டுக்கடாவைப் பற்றிய வசனம் அதற்கு அடுத்துத்தான் வருகிறது. பணம் வேண்டாம் என்று வேதம் சொல்லவில்லை, கவனியுங்கள். சகேயு நாலத்தனையாய்த் திரும்பச் செலுத்துகிறேன் என்றான். ஆனால் அவன் அதைச் சொன்னது இயேசு அவன் வீட்டுக்கு வந்தபின்பு! பாவநிவிர்த்தியை நாம் செலுத்த முடியாது, சிலுவையில் அது முடிந்தது. அந்தக் கிருபையைப் பெற்றவன் கையிலிருந்து வருவதுதான் இந்த நாலத்தனை.

தம்பியின் பங்கை ஏமாற்றி எழுதி வாங்கிக்கொண்டு, சபைக்கு மைக் செட் வாங்கிக் கொடுக்கிற அண்ணன்மார் உண்டு. மருமகளை வார்த்தையால் நொறுக்கிவிட்டு, மூன்று நாள் உபவாசம் இருக்கிற மாமியாரும் உண்டு. சபையும் ஸ்தோத்திரம் சொல்லிட்டு வாங்கிக்கொள்கிறது. தம்பியோ அந்தப் பக்கம் ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திட்டான். மத்தேயு 5:24-ஐ இன்று இரவு குடும்ப ஜெபத்தில் வாசித்துவிட்டு, நாளைக் காலையில் பஸ் ஏறுங்கள். காணிக்கை பலிபீடத்தண்டை இருக்கட்டும், அதை யாரும் தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள்.