உறைபனியும் தேயிலையும்

மார்கழி, தை மாதங்களில் மதுரைச் சமவெளியில் புல் நுனிதோறும் பனித்துளி அரும்புகிறது. அதே நாட்களில், சுமார் 2,200 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலப் பள்ளத்தாக்குகளில் உறைபனி வெண்மையாகப் படிகிறது. இது எதனால்?

மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலமும் இலைகளும் கதிர்வீசல் மூலம் வெப்பத்தை இழக்கின்றன. குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கதாகையால் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. அங்கே இலையின் வெப்பநிலை 0° செ.க்குக் கீழே போனால், திசுவிலுள்ள நீர் உறைந்து, தேயிலைக் கொழுந்து கருகிவிடும்.

இதைத் தடுக்கச் செடிகள்மீது நீர் தெளிப்பதுண்டு. குளிரில் வாடும் செடிக்குக் குளிர்ந்த நீரா என்று வியக்காதீர்கள்! 1 கிராம் நீர் உறையும்போது சுமார் 80 கலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது. நீர் உறைந்துகொண்டே இருக்கும்வரை இலை 0° செ.யை ஒட்டியே நிற்கும். இலைச்சாற்றில் பல பொருள்கள் கரைந்திருப்பதால் அது இன்னும் சற்றுக் குளிர்ந்தால்தான் உறையும். எனவே இலை பிழைக்கிறது.

ஆனால் 1 கிராம் நீர் ஆவியாகச் சுமார் 600 கலோரி தேவை. தெளிப்பதை நடுவில் நிறுத்தினால், ஆவியாகும் நீர் அவ்வெப்பத்தை இலையிடமிருந்தே பறிக்கும். தெளிக்காமல் இருந்ததைவிடக் கேடு அதிகமாகும். பனி உருகும்வரை தெளிக்க வேண்டும்.

கருகிய செடியை உடனே கவாத்து செய்யலாகாது. புதிதாக விடும் இளந்தளிர் அடுத்த பனிக்கு இரையாகும். பனிக்காலம் கழிந்தபின் பட்டையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பச்சை தெரியும் இடம் உயிருள்ளது. அதற்கு மேலே பட்டுப்போன பகுதியை மட்டும் வெட்டினால் போதும்.

மாணவர்களே, சிந்தியுங்கள்: மேகமூட்டமுள்ள இரவில் உறைபனி ஏன் அரிது?