கீழே போகும் பிள்ளைகளுக்கு: நாலு பேரோடு சாப்பிடப் போகுமுன்

கோத்தகிரியிலிருந்து வேலைக்குக் கீழே இறங்கும் பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லி அனுப்பும் புத்திமதி ஒன்றுதான்: "வெளியே சாப்பிடாதே, வயிறு கெட்டுப்போகும்." இதை ஒரு மாதம் முழுசாகக் கடைப்பிடித்தவரை நான் பார்த்ததில்லை. பார்க்கவும் வேண்டாம். கோவை சரவணம்பட்டியிலோ சென்னை ஓ.எம்.ஆரிலோ வேலைக்குச் சேர்ந்த பிள்ளை, கூட வேலை செய்பவர்கள் சாப்பிடக் கூப்பிடும்போது டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டு தனியே உட்கார்ந்திருந்தால், ஆபீஸில் பாதி சங்கதி அதன் காதுக்கே எட்டாது. யார் வேலையை விடப்போகிறார், எந்த மேனேஜரிடம் எந்த நேரத்தில் லீவு கேட்கலாம், யார் வீட்டில் என்ன கஷ்டம் என்பதெல்லாம் பேசப்படுகிற இடம் சாப்பாட்டு மேசைதான்.

கோவையிலும் சென்னையிலும் உத்தியோகம் பார்த்துவிட்டு மேலே திரும்பியவன் நான். நம் பிள்ளைகளுக்கு எங்கே இடிக்கும் என்று தெரியும். மலைக்காரர்களுக்குக் கூச்சம் அதிகம். வேண்டாததை வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. கீழே எழுதியிருப்பவற்றில் பாதி அந்தக் கூச்சத்துக்கான மருந்து.

1. எழுந்து கிளம்புமுன் கேளுங்கள். எந்தக் கடை, தலைக்கு எவ்வளவு ஆகும், எத்தனை மணிக்குத் திரும்புவோம். இந்த மூன்றையும் ஆபீஸ் வாசலில் நின்று கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஏ.சி. ஹாலில் உட்கார்ந்து மெனு கார்டை விரித்த பிறகு கேட்டால்தான் சங்கடம். மெனு போனிலேயே கிடைக்கிறது, விலையோடு. "அங்கே வேண்டாம்ப்பா, மாசக் கடைசி, வேற இடம் பாக்கலாமா?" என்று ஒருவர் வாய் விட்டால் போதும், பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் மூச்சு விடுவார்கள். அவர்களும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

2. விலையை இலைக் கணக்கில் போட்டுப் பார்க்காதீர்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் இருக்கிற வியாதி இது. கிலோ பச்சைத் தேயிலைக்கு இருபது ரூபாய் கிடைத்தாலே வீட்டில் முகம் மலரும். அங்கே ஒரு கபேயில் காபி 240 ரூபாய். பன்னிரண்டு கிலோ இலை! அம்மா குனிந்து குனிந்து பறித்தது ஒரு கோப்பைக்குள் போய்விட்டதே என்று நெஞ்சு அடைக்கும். அடைக்கட்டும், ஆனால் மேசையில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்லாதீர்கள், குடிக்கிறவர்களுக்கும் கசந்துவிடும். மாதத்துக்கு வெளிச்சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று சம்பளம் வந்த அன்றே ஒதுக்கிவிடுங்கள். ஒதுக்கியது தீர்ந்துவிட்டால் "இந்த மாசம் முடிஞ்சுது, அடுத்த மாசம் வர்றேன்" என்று சொல்லுங்கள். வயிற்று வலி, தலைவலி என்று பொய் சொல்ல வேண்டாம். மூன்றாவது முறை யாரும் நம்ப மாட்டார்கள்.

3. யார் பணம் கொடுப்பது என்பது தெரியாமல் ஒரு வாய்கூட வைக்காதீர்கள். ட்ரீட் என்றால் கூப்பிட்டவர் கொடுப்பார்: பிறந்த நாள், முதல் சம்பளம், பதவி உயர்வு, கல்யாணம் நிச்சயமானது. டீம் லஞ்ச் என்றால் பெரும்பாலும் கம்பெனி. இரண்டும் இல்லையென்றால் பங்கு. பங்கிலும் இரண்டு விதம் உண்டு. மொத்தத்தைச் சமமாக வகுப்பது ஒன்று; அவரவர் தின்றதற்கு அவரவர் கொடுப்பது இன்னொன்று. ஒருவர் தந்தூரி முழுக் கோழி தின்ன, இன்னொருவர் தயிர் சாதம் தின்ன, சமமாக வகுத்தால் தயிர் சாதக்காரர் அடுத்த முறை வரமாட்டார். ஏன் வரவில்லை என்றும் சொல்ல மாட்டார். அந்தத் தயிர் சாதக்காரர் நீங்களாக இருந்தால் ஆர்டர் எடுக்கும்போதே "எனக்குத் தனி பில்" என்று சர்வரிடம் சொல்லிவிடுங்கள். கோழிக்காரராக இருந்தால் நீங்களே முந்திக்கொண்டு "என்னோடது கூட, நான் அதிகம் போடுறேன்" என்று சொல்லுங்கள்.

ஒருவர் மொத்தமாகக் கொடுத்துவிட்டு மற்றவர்கள் அவருக்கு ஜிபே பண்ணுவதுதான் இப்போது வழக்கம். 2016-ல் யு.பி.ஐ. வந்ததிலிருந்து "சில்லறை இல்லை" என்ற சாக்கு செத்துப்போய்விட்டது. கடையை விட்டு வெளியே வருமுன் அனுப்பிவிடுங்கள். "நாளைக்குத் தர்றேன்" என்று சொன்ன 183 ரூபாயை நீங்கள் மறப்பீர்கள், கொடுத்தவர் மறக்க மாட்டார், கேட்கவும் மாட்டார்.

முதல் சம்பள ட்ரீட் தவிர்க்க முடியாது. நீங்களே இடத்தைச் சொல்லுங்கள். இடத்தை அவர்களிடம் விட்டால் சம்பளத்தில் கால் பங்கு போகும். நல்ல மெஸ்ஸில் மத்தியான மீல்ஸ் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

4. பில்லைப் படியுங்கள். படிப்பது கஞ்சத்தனம் இல்லை. நாலு பேர் சாப்பிட்ட பில் 1,840 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கீழே சி.ஜி.எஸ்.டி. 46, எஸ்.ஜி.எஸ்.டி. 46 என்று இரண்டு வரி இருக்கும். ஒவ்வொன்றும் இரண்டரை சதவீதம், சேர்த்து ஐந்து. மொத்தம் 1,932, தலைக்கு 483. 2017 நவம்பருக்கு முன்னால் ஏ.சி. ஹாலுக்கு 18, ஏ.சி. இல்லாத ஹாலுக்கு 12 என்று இருந்ததைக் குறைத்து, சாதாரண உணவகங்களுக்கு ஒரே 5 ஆக்கினார்கள். மேசையில் யாராவது வரியைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தால் க்ரீம் பன் கதை வரும், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2024 செப்டம்பரில் கோவையில் மத்திய நிதியமைச்சர் நடத்திய கூட்டத்தில் அன்னபூர்ணா ஓட்டல் அதிபர் எழுந்து, பன்னுக்கு வரி இல்லை, உள்ளே க்ரீம் வைத்தால் 18 சதவீதம், வாடிக்கையாளர்கள் பன்னையும் க்ரீமையும் தனித்தனியாகக் கொண்டுவரச் சொல்கிறார்கள் என்று சொன்னார். ஊரே சிரித்தது. பிறகு அது அரசியலாகி வேறு எங்கோ போனது.

நீங்கள் பார்க்க வேண்டியது வரியை அல்ல. அதற்கு மேலே சர்வீஸ் சார்ஜ் என்று ஐந்தோ பத்தோ சதவீதம் ஏறியிருக்கிறதா என்பதை. அது அரசாங்க வரி இல்லை. கடையே போட்டுக்கொள்வது. அதையும் கூட்டி அதன்மேல் ஜி.எஸ்.டி. போடுவார்கள். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதைத் தானாகப் பில்லில் சேர்க்கக்கூடாது என்று சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது சரியே என்றது. "இதை எடுத்துடுங்க" என்று மெதுவாகச் சொன்னால் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். அடம் பிடித்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மேசையில் பெரியவர் யாராவது "விடுப்பா, பரவாயில்ல" என்றால் விட்டுவிடுங்கள். நூறு ரூபாய்க்காக நாலு பேர் முன்னால் சண்டைக்கு நிற்கவேண்டாம்.

5. தண்ணீர். உட்கார்ந்ததும் "பாட்டிலா, சாதாவா?" என்று கேட்பார்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிற மாவட்டத்திலிருந்து போகிறவர்களுக்கு அந்தக் கேள்வியே விநோதமாக இருக்கும். "சாதா" என்று தைரியமாகச் சொல்லுங்கள். பாட்டில் வாங்கினால் அட்டையில் போட்ட விலைக்கு மேல் ஏன் என்று கேட்டுப் பயனில்லை. உட்கார வைத்துப் பரிமாறுகிற ஓட்டல் கூடுதல் விலை வாங்கலாம் என்று 2017 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

6. அடுத்தவர் தட்டைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து தின்பது இன்று சாதாரணமாகத் தெரிகிறது. சென்னையில் அது சும்மா வரவில்லை. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில், பெயர்ப்பலகையில் இருந்த "பிராமணாள்" என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் மறியல் தொடங்கினார். மாதக்கணக்கில் நடந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் கைதானார்கள். அதற்கு முன்னால் யார் எங்கே உட்காரலாம் என்று ஓட்டலுக்குள்ளேயே பிரித்து வைத்திருந்த காலமும் உண்டு. ஆகவே மேசையில் "நீங்க எந்த ஆளுங்க?" என்ற கேள்வி எந்த வேஷத்தில் வந்தாலும் (சொந்த ஊர் எது, குலதெய்வம் எது என்று சுற்றி வளைத்து வரும்) பதிலும் சொல்லாதீர்கள், நீங்களும் கேட்காதீர்கள். "கோத்தகிரி" என்று சொல்லி நிறுத்துங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர் ஒருவர் கூட வருகிறார் என்றால் இரண்டும் கிடைக்கிற கடைக்குப் போங்கள். "உனக்குக் கோபி மஞ்சூரியன் இருக்கே" என்று ஒவ்வொரு முறையும் அவர் தலையில் கட்டாதீர்கள். புரட்டாசியில் பாதி ஆபீஸ் சைவமாகிவிடும். அந்த மாதம் பிரியாணி ட்ரீட் வைத்தால் செலவு குறையும் என்று கணக்குப் போடும் புத்திசாலிகளும் உண்டு. மாட்டுக்கறி தின்பவரும் உண்டு, வெள்ளிக்கிழமை முட்டைகூடத் தொடாதவரும் உண்டு. காரணம் கேட்காமல் இருந்தால் எல்லாரும் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

7. குடிக்கிற இடத்துக்குக் கூப்பிட்டால் போவதும் போகாததும் உங்கள் இஷ்டம். போனால், "எனக்கு லைம் சோடா" என்று முதல் சுற்றிலேயே சொல்லுங்கள். காரணம் சொல்லாதீர்கள், காரணம் சொன்னால் விவாதம் வரும். சரக்குக்கும் சாப்பாட்டுக்கும் இரண்டு பில் கேளுங்கள். வரியும் அப்படித்தான், மதுவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, மாநில வரி தனி. லைம் சோடாக்காரர் மூன்று லார்ஜுக்குப் பங்கு கொடுப்பதில் எந்த நியாயமும் இல்லை. கடைசியில் வண்டி ஓட்டுவது யார் என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். பெண் பிள்ளைகள் எந்த வண்டி, எந்த நம்பர் என்று அறைத்தோழிக்கு அனுப்பிவிட்டு ஏறுங்கள். ஆண் பிள்ளைகளும் அனுப்பினால் தேய்ந்துவிட மாட்டீர்கள்.

8. ஸ்டார்டரில் நிதானம். சூப் ஒன் பை டூ சொல்லலாம், எந்தக் கடையிலும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சிக்கன் 65 வந்தால் 65 என்ற பெயர் எப்படி வந்தது என்று ஒருவர் ஆரம்பிப்பார். அண்ணா சாலை புஹாரியில் 1965-ல் போட்டது என்பது அந்த ஓட்டல் சொல்லும் கதை, மற்ற கதைகள் எல்லாம் மேசைக்கு மேசை மாறும். கோவையில் ரோட்டோரக் காளானை ஒரு முறையாவது தின்றுவிடுங்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் முட்டைக்கோஸ்தான். நம் தோட்டத்திலிருந்து போனதாகவே இருக்கலாம்.

9. இடத்தைப் பார்த்து உட்காருங்கள். சென்னை கதீட்ரல் சாலையில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் என்று ஒன்று இருந்தது, 1962 முதல் 2008 வரை. மர நிழலில் ஒரு காபியை வைத்துக்கொண்டு விற்பனைப் பிரதிநிதிகளும் எழுத்தாளர்களும் காதலர்களும் மணிக்கணக்கில் இருப்பார்கள், யாரும் எழுப்ப மாட்டார்கள். இன்று அது செம்மொழிப் பூங்கா. இப்போதைய ஓட்டலில் ஞாயிற்றுக்கிழமை இரவு நீங்கள் இட்லியைப் பிட்டுக்கொண்டிருக்கும்போதே உங்கள் நாற்காலிக்குப் பின்னால் ஒரு குடும்பம் வந்து நிற்கும். அந்த அப்பாவின் கை நாற்காலி முதுகில் இருக்கும், குழந்தையின் கண் உங்கள் சட்னியில் இருக்கும். அங்கே உட்கார்ந்து அரட்டை அடிப்பது பாவம். தின்றுவிட்டு எழுந்து வெளியே வாருங்கள். மிச்சப் பேச்சை டீக்கடை வாசலில் பேசலாம்.

10. டீயைப் பற்றிப் பாடம் எடுக்காதீர்கள். நாலு பேர் ரசித்துக் குடிக்கும்போது இது டஸ்ட், இது வேகவைத்தே கெடுத்தது என்று ஆரம்பித்தால் "எஸ்டேட்" என்று பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள். வருஷக்கணக்கில் ஒட்டிக்கொள்ளும்.

11. பரிமாறுகிறவரை விரல் சொடுக்கிக் கூப்பிடுகிறவரோடு இரண்டாவது முறை போகாதீர்கள். நகரத்து ஓட்டல்களில் இன்று மேசை துடைப்பவர், தண்ணீர் வைப்பவர் பலரும் அசாம், ஒடிசா, பீகார் பிள்ளைகள். நம் எஸ்டேட்டுகளிலும் ஜார்க்கண்ட், அசாம் ஆட்கள் வந்துவிட்டார்களே, அதே தூரம்தான். "அண்ணா", "தம்பி" இரண்டும் அவர்களுக்குப் புரியும். டிப்ஸை பில் தொகையோடு சேர்த்துப் போனில் அனுப்பினால் அது முதலாளி கணக்குக்குத்தான் போகும். இருபதோ ஐம்பதோ நோட்டாகக் கையில் கொடுங்கள். மிஞ்சியதைக் கூச்சப்படாமல் பார்சல் கேளுங்கள்.

12. மறுநாள் ஊருக்குப் பஸ் ஏறுவதாக இருந்தால் முந்தின இரவு பரோட்டா சால்னா வேண்டாம். மேட்டுப்பாளையம் தாண்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

13. ஒரு நாள் அவர்கள் "உங்க ஊருக்குப் போலாமா?" என்று கேட்பார்கள். கட்டாயம் கேட்பார்கள். காரில் வருவதாக இருந்தால் இ-பாஸ் எடுக்கச் சொல்லுங்கள். 2024 மே 7-லிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கு அது வேண்டும். டிஎன் 43 வண்டிக்கு வேண்டாம், அரசு பஸ்ஸில் வந்தாலும் வேண்டாம். காலை டிபனை மேட்டுப்பாளையத்தில் வயிறு முட்டத் தின்னவிடாதீர்கள். அங்கிருந்து 33 கிலோமீட்டரும் வளைவு. மத்தியானச் சாப்பாட்டை வீட்டிலேயே வையுங்கள், களியும் அவரைக் குழம்பும். சோறும் கொஞ்சம் வடித்து வையுங்கள், களி எல்லாருக்கும் இறங்காது. திரும்பும்போது வர்க்கி கேட்பார்கள். ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு எல்லாப் பெட்டியிலும் அந்தப் பெயர்தான். ரோட்டோரம் அடுக்கி வைத்திருப்பதை விட்டுவிட்டு, நீங்கள் வீட்டுக்கு வாங்குகிற பேக்கரியிலேயே, அடுப்பிலிருந்து இறங்கும் நேரம் பார்த்து வாங்கிக் கொடுங்கள்.