குழாய்க்குள் ஒரு குடியிருப்பு

வீட்டுக் குழாயின் முனையில் உள்ள சிறு வலையைக் கழற்றி, அதன் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். வழவழவென்று இருந்தால், அது பெரும்பாலும் பாக்டீரியாக்கள் கட்டிய ‘உயிர்ப்படலம்’.

சுத்திகரித்த நீரிலும் சில பாக்டீரியாக்கள் எஞ்சும். அவை குழாய்ச் சுவரில் ஒட்டி, பசை போன்ற பொருளைச் சுரந்து, அதற்குள் பெருகுகின்றன. நீரில் மிதப்பவற்றைக் குளோரின் எளிதில் கொன்றுவிடும். படலத்துக்குள் இருப்பவை தப்பிவிடுகின்றன. மேற்பரப்புப் பசையோடு வினைபுரிந்தே குளோரின் தீர்ந்துபோகிறது. குளோரமைன் மெதுவாக வினைபுரிவதால் இன்னும் ஆழமாக ஊடுருவும். குழாயில் நெடுநேரம் நிலைத்தும் நிற்கும். சிங்கப்பூர்க் குழாய்நீரில் இதுவே சேர்க்கப்படுகிறது.

பெரும்பாலான படலங்களால் ஆபத்தில்லை. ஆனால், கடும் நிமோனியாவை உண்டாக்கும் லெஜியோனெல்லா கிருமிக்கும் அவை புகலிடமாகலாம். 25 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையிலான தேங்கிய நீரில் அது செழிக்கும். நம் நாட்டு வெயிலில் குழாய்நீர் இயல்பாகவே அந்த வெப்பத்தில்தான் இருக்கிறது. குளியலறைத் தூவானில் பறக்கும் நுண்துளிகளைச் சுவாசிப்பதால் அது தொற்றும்.

விடுமுறை முடிந்து வீடு திரும்பினால் என்ன செய்யலாம்? ஜன்னலைத் திறந்து வைத்து, நீர் தெறிக்காதபடி எல்லாக் குழாய்களையும் சில நிமிடங்கள் மெல்ல ஓடவிடுங்கள். வலையையும் தூவானையும் அவ்வப்போது தேய்த்துக் கழுவுங்கள். கரி வடிகட்டி குளோரினையும் நீக்கிவிடுவதால், அதை உரிய காலத்தில் மாற்றுங்கள். வீட்டில் தண்ணீர்த் தொட்டி இருந்தால் மூடி வையுங்கள்; ஆண்டுக்கு ஒருமுறையாவது கழுவுங்கள்.

படலத்தை அடியோடு ஒழிக்க முடியாது. நீரைத் தேங்கவிடாமல் இருந்தால், அதைக் கட்டுக்குள் வைக்கலாம்.