மஞ்சளின் நிறமும் சத்தும் நிலைப்பது எங்ஙனம்?

நம் கூட்டுறவுக் குடும்பத்தில் தறியில் அமர்ந்திருப்போரும் உளர். மஞ்சள் பயிரிடுவோரும் உளர். இவ்விரு சாராருக்கும் பொதுவான ஓர் உண்மையை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

மஞ்சள் நீரில் தோய்த்த துணி வெயிலில் வெளுத்துவிடும் என்பதை நெசவாளர் யாவரும் அறிவர். சவர்க்காரம் பட்டால் அத்துணி சிவக்கும் என்பதையும் அறிவர். துணியில் நிகழும் இம்மாறுதல்களே மஞ்சள் தூளிலும், மஞ்சள் சேர்த்த உணவிலும் பானத்திலும் நிகழ்கின்றன. துணியில் நிகழும்போது கண்ணுக்குத் தெரிகிறது. மூட்டையில் நிகழும்போது தெரிவதில்லை. விலை குறையும்போதுதான் தெரிகிறது.

குர்குமின் என்னும் பொருள்

மஞ்சளுக்கு நிறம் தரும் பொருள்களுள் முதன்மையானது குர்குமின். உலர்ந்த மஞ்சளில் இந்நிறப்பொருள்கள் பெரும்பாலும் நூற்றுக்கு 2 முதல் 5 பங்கு வரை இருக்கும். குர்குமினை 1815ஆம் ஆண்டில் வோகல், பெல்லெத்தியே என்னும் அறிஞர் இருவர் மஞ்சளினின்று பிரித்தெடுத்தனர். அதன் இரசாயன அமைப்பு 1910ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. இஃது எண்ணெயிலும் சாராயத்திலும் கரையும். தண்ணீரில் அநேகமாகக் கரையாது. சத்துப் பிரித்தெடுக்கும் ஆலைகள் இதன் அளவைச் சோதித்தே விலை பேசுகின்றன. ஆகவே சிதைந்து போகும் குர்குமின் ஒவ்வொரு பங்கும் உழவர் கையினின்று நழுவும் பணமே ஆகும்.

முதற்பகை காரம்

ஆரத்தி நீரில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் செந்நிறம் தோன்றுகிறது. இது காரத்தின் செயல். உடனே எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் மஞ்சள் நிறம் மீளும். ஆனால் காரத்தன்மையுள்ள நீரில் குர்குமின் விரைந்து சிதைகிறது. அவ்வாறு சிதைந்த பங்கு எந்தச் சாற்றைப் பிழிந்தாலும் மீளாது.

1997ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வின் முடிவு ஈண்டுக் கவனிக்கத்தக்கது. நடுநிலையைக் கடந்து சிறிதளவே காரத்தன்மை பெற்ற நீர்க்கரைசலில், உடற்சூட்டில், குர்குமினில் நூற்றுக்கு 90 பங்கு அரை மணி நேரத்திற்குள் சிதைந்தது. மனித இரத்தத்தில் வைத்தபோதோ ஒரு மணி நேரத்தில் 20 பங்கிற்கும் குறைவாகவே சிதைந்தது. இரத்தத்திலுள்ள புரதங்கள் குர்குமினைப் பற்றிக்கொண்டு காத்தன.

பாலிலும் இத்தகைய காவல் உண்டு. பாலின் புரதமாகிய கேசீன் குர்குமினைப் பற்றிக்கொள்கிறது. பாலின் கொழுப்பு அதனைக் கரைத்துக்கொள்கிறது. மஞ்சளை வெறுந்தண்ணீரில் கலக்காமல் பாலில் கலந்து கொடுத்த நம் மூதாட்டியர், காரணம் அறியாமலே சரியான வழியைக் கண்டிருந்தனர்.

இரண்டாம் பகை ஒளி

சூரிய ஒளி படும்போது குர்குமின் துண்டுபட்டு, வெனிலின் முதலிய வேறு பொருள்களாக மாறுகிறது. காற்றிலுள்ள பிராணவாயுவும் இச்சிதைவுக்குத் துணை செய்கிறது. “மஞ்சளை வெயிலில்தானே உலர்த்துகிறோம்?” என்று உழவர் வினவலாம். தோல் மூடிய முழு விரலியில் ஒளி உட்புகுவதில்லை. மேற்புறமே வெயிலைத் தாங்கிக்கொள்கிறது. அரிந்த துண்டுக்கும் அரைத்த தூளுக்கும் அத்தகைய கவசம் இல்லை.

மூன்றாம் பகை சூடு

மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, சமையற் சூட்டில் மஞ்சளின் குர்குமினில் நூற்றுக்கு 27 முதல் 53 பங்கு வரை குறைந்தது. அழுத்தக் கொதிகலத்தில் 10 நிமிடம் வேகவைத்தபோது இழப்பு மிகுதியாயிற்று. துவரம்பருப்புடன் சேர்த்து வேகவைத்தும் இழப்பு குறையவில்லை. புளி சேர்த்தபோதோ 12 முதல் 30 பங்கே இழப்பாயிற்று. காரம் கெடுப்பதைப் புளிப்பு காக்கிறது என்பதற்கு நம் அடுக்களைக் குழம்பே சான்று.

அங்கத்தினர் கைக்கொள்ள வேண்டியவை

1. மஞ்சளை வேகவைக்கும் நீரில் சுண்ணாம்பும் சோடா உப்பும் சேர்க்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதனை விட்டொழிக்க வேண்டும். தூய நீரே போதும்.

2. மஞ்சளை விரலியாகவே சேமித்து, தேவைக்கு ஏற்ப அரைக்க வேண்டும். தூளாக்கினால் காற்றும் ஒளியும் படும் பரப்பு பன்மடங்கு பெருகும்.

3. தூளை ஒளி புகாத பையிலோ டப்பாவிலோ, ஈரம் படாமல் அடைக்க வேண்டும். உள்ளிருப்பது தெரியும் பை கண்ணுக்கு அழகாயிருக்கும், சரக்குக்குக் கேடு.

4. மஞ்சள் சேர்த்த பானம் தயாரிப்போர் பாலையோ, எலுமிச்சை, மோர் போன்ற புளிப்பையோ அடிப்படையாகக் கொள்ள வேண்டும். புளிப்பு இருப்பினும் கண்ணாடிப் புட்டியை வெயில் படும் இடத்தில் வைத்தலாகாது.

ஓர் எச்சரிக்கை

நிறம் மங்கிய சரக்கிற்கு மெருகூட்ட ஈயக் குரோமேட்டு என்னும் நச்சுப்பொருளைப் பூசும் தீய வழக்கம் உண்டு. அந்த ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வங்காளதேசத்தில் 2019ஆம் ஆண்டில் சந்தை மஞ்சள் மாதிரிகளில் நூற்றுக்கு 47இல் ஈயம் காணப்பட்டது. அரசாங்கம் சோதனையிட்டுத் தண்டித்ததோடு மக்களுக்கும் உண்மையை எடுத்துரைத்தது. 2021ஆம் ஆண்டில் எடுத்த மாதிரிகளில் ஈயம் காணப்படவில்லை. இரண்டே ஆண்டுகளில் ஒழிக்கக்கூடிய தீமை இது. நிறத்தை இழக்காமல் காப்பவர்க்கு நிறம் பூசும் எண்ணமே எழாது.

தனி உழவர் ஒருவரால் சோதனைச் சாலைக்குச் செலவிட இயலாது. ஒளி புகாத பைகளை மலிவாக வாங்கவும் இயலாது. பலர் கூடிய சங்கத்தால் இவ்விரண்டும் இயலும். ஈரோடு மஞ்சளுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்பெயரின் மதிப்பு மூட்டைக்குள் இருக்கும் சரக்கைப் பொறுத்தே நிலைக்கும்.

வகுப்பில் செய்து பார்க்க

வெள்ளைப் பருத்தித் துணி ஒன்றை மஞ்சள் நீரில் தோய்த்து, நிழலில் உலர்த்தி, இரண்டாகக் கிழித்துக்கொள்க. ஒன்றைப் பெட்டிக்குள் வைத்து, மற்றொன்றை வெயிலில் தொங்கவிடுக. சில நாட்கள் சென்றபின் இரண்டையும் அருகருகே வைத்து, நெசவாளரும் உழவரும் கூடிப் பார்க்க. நம் கிடங்கில் உள்ள மஞ்சள் தூள் இவ்விரு துண்டுகளுள் எதனைப் போன்ற நிலையில் இருக்கிறது என்பதை அக்கூட்டத்திலேயே பேசி முடிவு செய்க.