வானொலிப் பள்ளி

கேட்டல், பேசல், படித்தல், எழுதல் என மொழிப் பயிற்சி நான்கு வகைப்படும். இவற்றுள் பின்னிரண்டும் முன்னிரண்டின்மேல் எழுவன. நல்ல சொல்லைச் செவியாரக் கேளாத மாணவன் நல்ல கட்டுரை எழுதுதல் அரிது. அங்ஙனமாயின், ஆசிரியரும் உடன்பயில்வாரும் அருகில் இல்லாத சிறுவர் எவ்வாறு மொழி பயில்வர்? இவ்வினாவிற்கு ஆஸ்திரேலிய நாட்டினர் கண்ட விடையே வானொலிப் பள்ளியாகும்.

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதி வறண்ட பெருநிலம். அங்குள்ள மாட்டுப் பண்ணைகள் ஒன்றற்கொன்று பல கல் தொலைவில் அமைந்துள்ளன. பண்ணைச் சிறுவர் நாள்தோறும் சென்று வரத்தக்க பள்ளி அங்கு இல்லை. ஆங்கிலமும் பிற பாடங்களும் அஞ்சல் வழியே வந்தன. சிறுவர் விடை எழுதி அஞ்சலிலேயே திருப்பி அனுப்பினர். திருத்திய தாள் மீண்டு வருவதற்குள் சிறுவன் தான் எழுதியதையே மறந்திருப்பான். மேலும், தாளில் எழுத்து வருமேயன்றிக் குரல் வாராது.

1928ஆம் ஆண்டில் ஜான் பிளின் என்னும் சமயத்தொண்டர் உள்நாட்டு மக்களுக்காக வானூர்தி மருத்துவப் பணியைத் தொடங்கினார். மருத்துவரை அழைக்கும் பொருட்டு, ஆல்பிரட் டிரேகர் என்பார், காலால் மிதித்து மின்னாற்றல் உண்டாக்கும் வானொலிக் கருவியை அமைத்துத் தந்தார். நோயுற்றார்க்கு உதவிய வானொலித் தொடர்பே கல்விக்கும் உதவும் என்று கண்டவர் அடிலெய்டு மீத்கே அம்மையார். இவர் ஆசிரியராகவும் பள்ளிக் கண்காணிப்பாளராகவும் விளங்கியவர். இவர்தம் முயற்சியால் 1951ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் வானொலிப் பள்ளி தொடங்கப்பெற்றது.

முதலில் ஆசிரியர் பேசச் சிறுவர் கேட்டனர். விரைவில் வினாவிடைக்கும் நேரம் ஒதுக்கப்பட்டது. இச்சிறு மாறுதல் பெரும்பயன் விளைத்தது. அக்கருவியில் ஒருவர் பேசி முடித்த பின்னரே மற்றவர் பேச இயலும். ஆகவே, சொல்லக் கருதியதை முன்னரே எண்ணித் தெளிவாகவும் சுருக்கமாகவும் சொல்லுதல் இன்றியமையாததாயிற்று. இடியும் மின்னலும் மிக்க நாளில் இரைச்சல் குறுக்கிடும். அப்போது தெளிவற்ற சொல் மறுமுனையைச் சேராது. முகக்குறிப்பாலும் கையசைவாலும் பொருள் உணர்த்த வழியில்லை; சொல் ஒன்றே துணை. எழுதுவோன் நிலையும் இதுவேயன்றோ? படிப்போன் முகத்தை அவனும் காண்பதில்லை. எனவே, வானொலியில் பெறும் பேச்சுப் பயிற்சி எழுத்துப் பயிற்சிக்கும் உரமாகும்.

இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வானொலியின் இடத்தைத் துணைக்கோளும் இணையமும் பெற்றன. இன்று ஆசிரியரும் மாணவரும் திரையில் ஒருவரையொருவர் காண்கின்றனர். எனினும், வீட்டில் தாயோ பிறரோ அருகிருந்து பாடத்தை மேற்பார்த்தல் இன்றும் தேவையாகவே உள்ளது. கருவி எத்துணைச் சிறந்ததாயினும் தானே ஆசிரியனாகிவிடாது என்பதை இஃது உணர்த்தும்.

இக்காலத்தில் எழுத்துப் பிழையைச் சுட்டும் கணிப்பொறியும், கேட்ட அளவில் கட்டுரையையே ஆக்கித் தரும் கணிப்பொறியும் பள்ளிகட்கு வந்துள்ளன. இவற்றுள் எது துணை, எது தடை என்பதை அறிய வானொலிப் பள்ளி நல்லதோர் அளவுகோலாகும். அவ்வானொலி சிறுவனுக்காகப் பேசவில்லை. அவன் பேச்சைச் சுமந்து சென்று, திருத்துவார் செவியில் சேர்த்தது. மாணவன் தானே எண்ணி எழுதியதைச் செம்மை செய்யத் துணைநிற்கும் கருவி அவனை வளர்க்கும். அவனுக்கு மாறாகத் தானே எழுதும் கருவியோ தாளை நிரப்பும். அவன் அறிவை நிரப்பாது.