நீரின் நேரம் பார்த்துக் கிளம்புங்கள்: மலையிலிருந்து அலையாத்திக் காட்டுக்கு

ஊட்டி ஏரியில் படகு ஏற எந்தத் திட்டமும் வேண்டாம். சீட்டு வாங்கி வரிசையில் நின்றால் முறை வந்ததும் ஏற்றிக்கொள்வார்கள். 1820-களில் ஜான் சல்லிவன் உருவாக்கிய அந்த ஏரியில் காலை பத்து மணிக்கும் மாலை நாலு மணிக்கும் நீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். இந்தப் பழக்கத்தோடு குன்னூரிலிருந்தோ கோத்தகிரியிலிருந்தோ பிச்சாவரத்துக்குப் போகிறவர் அங்கேயும் அதே தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லத்தைப் பார்த்ததும், இதுவும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறார். நண்பகலில் ஒரு விசைப்படகு, முக்கால் மணி நேரச் சுற்று, நாலைந்து புகைப்படம். திரும்பும்போது “பறவை ஒன்றையும் காணோமே” என்ற புகார் வேறு. பறவைகள் அங்கேதான் இருந்தன. அவர் போன நேரம்தான் தப்பு. அலையாத்திக் காட்டில் உயிர்களின் நடமாட்டத்தைத் தீர்மானிப்பது கடல்நீரின் ஏற்றமும் வற்றமும். ஆகவே இந்தப் பயணத்தைப் பின்னாலிருந்து முன்னால் திட்டமிட வேண்டும் என்பது என் கட்சி. முதலில் நீரின் நேரம், அதற்கேற்ற நாள், அதற்குப் பிறகுதான் விடுப்பு, ரயில், தங்கும் அறை எல்லாம்.

நாளைப் பார்ப்பதற்கு முன் இடத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். நீலகிரியில் இருப்பவருக்கு இரண்டு திசைகள் இருக்கின்றன. கிழக்கே கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்தை அடுத்து, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே பிச்சாவரம். மேற்கே கேரளத்தில் கோழிக்கோட்டுக்குத் தெற்கே கடலுண்டி. ஊட்டியிலிருந்து கோவை, திருச்சி வழியாகப் பிச்சாவரம் ஏறக்குறைய 450 கிலோமீட்டர். கூடலூர், நாடுகாணி, நிலம்பூர் வழியாகக் கடலுண்டி அதில் பாதிகூட வராது. இரண்டுக்கும் ஓர் ஒற்றுமையும் உண்டு: நீலகிரியின் நீர் இரண்டின் பக்கத்திலும் கடலுக்குப் போகிறது. கூடலூர்ப் பக்கத்துப் பாண்டியாறும் புன்னம்புழாவும் சாலியாற்றில் கலந்து, கடலுண்டிக்குச் சற்று வடக்கே பேப்பூரில் கடலைத் தொடுகின்றன. குன்னூர் ஆறும் மாயாறும் பவானியில் சேர்ந்து காவிரிக்குப் போகின்றன. அந்தக் காவிரியின் கிளையான கொள்ளிடம்தான் பிச்சாவரத்துக்குத் தெற்கே கடலில் விழுகிறது. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அலையாத்தி மரங்கள் உப்பைத் தாங்குமே தவிர, ஆற்றுநீர் வந்து உப்பைக் குறைத்தால்தான் பல இனங்கள் சேர்ந்து வளரும். காவிரியில் நீர்வரத்து குறையக் குறைய, உப்பை அதிகம் தாங்கும் வெண்கண்டல் பிச்சாவரத்தில் ஓங்கிவிட்டது. என்னைக் கேட்டால், கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்குக் கடலுண்டி. குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்குப் பிச்சாவரம். வாய்க்கால்களுக்குள் நீண்ட படகுப் பயணம்தான் வேண்டும் என்பவர் எங்கிருந்தாலும் பிச்சாவரம் போகலாம். சேற்றுத் திட்டில் கூட்டமாக இரை தேடும் கரைப்பறவைகளே போதும் என்பவருக்குக் கடலுண்டி, வள்ளிக்குன்னு சமுதாயக் காப்பகம் சரியாக இருக்கும். அங்கே வலசைப் பறவைகளின் வரத்து முன்போல் இல்லை என்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொண்டே போங்கள்.

அடுத்தது மாதம். வடக்கிலிருந்து வரும் உள்ளான் வகைகளும் ஆலாக்களும் ஐப்பசியை ஒட்டி வரத் தொடங்கிப் பங்குனி வாக்கில் திரும்பிவிடும். ஆனால் ஐப்பசியும் கார்த்திகையும் கிழக்குக் கரையில் மழைக்காலம். புயல் சின்னம் என்றாலே படகுகள் நின்றுவிடும். மார்கழியையும் முழுக்க நம்ப முடியாது. தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டது 2011 டிசம்பர் 30-ம் தேதி. எனவே தை நடுப்பகுதி முதல் மாசி முடிய உள்ள காலமே பிச்சாவரத்துக்குப் பாதுகாப்பான பருவம். மலைக்காரர்களுக்கும் இது தோதானது. ஏப்ரல், மே மாதங்களில் மலர்க் கண்காட்சிக் கூட்டத்தால் ஓட்டுநருக்கும் விடுதிக்காரருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. பனி விழுந்து தேயிலைக் கொழுந்து குறையும் தை, மாசியில்தான் கொஞ்சம் கை ஓயும். காணும் பொங்கலை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அன்று பிச்சாவரத்தில் பறவைகளைவிட மனிதக் கூட்டமே அதிகம்.

இப்போது நாளும் மணியும். இதில்தான் மொத்தப் பயணமும் அடங்கியிருக்கிறது. கடல்நீர் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது. ஒவ்வொரு நாளும் அந்த நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு கூடுதல். அஷ்டமியை ஒட்டிக் குறைவு. வீட்டில் தொங்கும் நாள்காட்டியிலேயே இதில் பாதி தெரிந்துவிடும். மீதிக்கு, இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் ஓத அட்டவணையை, அதாவது நீர் ஏறி வற்றும் நேரங்களின் பட்டியலை, பார்க்கலாம். கைப்பேசிச் செயலிகளும் இருக்கின்றன. பக்கத்துத் துறைமுகத்துக்கான நேரத்தையே அவை சொல்லும். உப்பங்கழிக்குள் நீர் வந்து சேர இன்னும் தாமதமாகும் என்பதால், படகுக்காரரிடம் ஒரு முறை கேட்டுச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. நீங்கள் தேட வேண்டிய நாள், காலை ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில் நீர் உச்சத்தைத் தொட்டு, பிறகு வற்றத் தொடங்கும் நாள். நீர் நிறைந்திருக்கும்போது குறுகிய வாய்க்கால்களுக்குள் படகு தடையின்றி நுழையும். வெளியே வரும் வேளையில் சேற்றுத் திட்டுகள் மெல்லத் தலைகாட்டும். அப்போதுதான் உள்ளான்கள் இறங்கும். ஒற்றைக் கொடுக்கைத் தூக்கிக் காட்டும் சிறு நண்டுகள் வளையைவிட்டு வரும். உளுவை மீன்கள் சேற்றில் தாவும். அவற்றைத் தேடிக் கொக்கும் நாரையும் மீன்கொத்தியும் ஓரத்துக்கு வரும்.

பிச்சாவரத்தில் நீர் ஒரு மீட்டர்கூட ஏறி இறங்குவதில்லையே, அதற்கா இவ்வளவு கணக்கு என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் சேற்றுத் திட்டு மலைச்சரிவு போன்றதல்ல. ஏறக்குறைய மட்டமான தரை. அங்கே நீர் ஒரு சாண் இறங்கினாலே பெரும்பரப்பு வெளியே வந்துவிடும். மரங்களுக்கும் இந்தச் சின்ன அசைவுதான் உயிர். முற்காலத்தில் பட்டை பட்டையாக மரங்களை மொத்தமாக வெட்டியதால் பிச்சாவரத்தில் தரை அமிழ்ந்து பள்ளமானது. அங்கே புகுந்த கடல்நீர் திரும்பிப் போக வழியின்றித் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு ஏறி, மறுபடி மரம் முளைக்காத பொட்டலாகிப் போனது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து 1990-களில் மீன்முள் வடிவில் வாய்க்கால்களை வெட்டி நீரை உள்ளே விட்டு வெளியே எடுத்த பிறகே அந்தப் பொட்டலில் மீண்டும் காடு வந்தது. ஒரு மீட்டருக்குக் குறைந்த ஓதம் ஒரு காட்டை அழிக்கவும் மீட்கவும் முடியுமென்றால், பறவைகளின் காலை உணவு நேரத்தைத் தீர்மானிப்பதில் வியப்பில்லை.

நாள் உறுதியானதும் பயணத்தை அதிலிருந்து பின்னோக்கிக் கோத்துக்கொள்ளுங்கள். முதல் படகில் ஏற வேண்டுமானால் முந்தின இரவு சிதம்பரத்தில் தங்கியே ஆக வேண்டும். அங்கிருந்து பிச்சாவரம் 15 கிலோமீட்டர் அளவில்தான். கோவையிலிருந்து மயிலாடுதுறைக்குப் போகும் ஜன சதாப்தி காலையில் கிளம்பிப் பிற்பகலில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அங்கிருந்து சிதம்பரத்துக்கு ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். இரவெல்லாம் காரோட்டி, விடிந்ததும் தூக்கக் கண்ணோடு படகேறும் திட்டத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2,200 மீட்டர் உயரத்திலிருந்து கடல்மட்டத்துக்கு இறங்கும் உடம்புக்குத் தை மாதத்துப் புழுக்கமே போதுமான சோதனை. படகு இல்லம் எத்தனை மணிக்குத் திறக்கிறது, முதல் படகு எப்போது என்பதை முந்தின நாளே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். வார நாள் கிடைத்தால் அதை விடாதீர்கள்.

படகைத் தேர்ந்தெடுப்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை: துடுப்புப் படகு. விசைப்படகில் அதிக தூரம் போகலாமே, முதியவர்களுக்கு அதுதானே வசதி என்பார்கள். தூரம் உண்மைதான். ஆனால் இயந்திரச் சத்தத்தில் நீங்கள் போய்ச் சேருவதற்குள் அந்த இடம் காலியாகியிருக்கும். வேர்கள் இரு பக்கமும் இறங்கிக் கூரை போட்டிருக்கும் குறுகிய வாய்க்கால்களுக்குள் பெரிய படகால் நுழையவும் முடியாது. முதியவர்களுக்கு ஏறி இறங்கும் இடம்தான் சிரமம்; உட்கார்ந்த பிறகு துடுப்புப் படகு அவர்களுக்கும் சுகமாகவே இருக்கும். சீட்டு வாங்கும்போதே நேரம், கட்டணம், எந்த வாய்க்கால் வரை என்பதைத் தெளிவாகப் பேசிவிடுங்கள். படகுக்காரரிடம் “சீக்கிரம் சுத்திக் காட்டுங்கண்ணே” என்று சொன்னால் அவரும் சுற்றித்தான் காட்டுவார். “பறவை பார்க்க வந்திருக்கோம், மெதுவா போங்கண்ணே, நிறுத்தச் சொன்னா நிறுத்துங்க” என்று சொல்லிப் பாருங்கள், பயணமே வேறாகிவிடும். இதயக்கனி திரைப்படம் எடுத்த இடத்தைக் காட்டுகிறேன் என்று அவர் ஆரம்பித்தால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 1975-ல் வந்த அந்தப் படம் இன்றும் அங்கே பேச்சைத் தொடங்கிவைக்க உதவுகிறது.

பாதுகாப்பில் மட்டும் யாருடைய பேச்சுக்கும் இணங்க வேண்டாம். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் கவிழ்ந்த படகில் 45 பேர் இறந்தார்கள். விலங்கைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டதும் அதற்கான காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. கடலுண்டிக்குத் தெற்கே தானூரில் 2023 மே 7 அன்று அளவுக்கு மேல் ஆளேற்றி, மாலையில் இருட்டும் நேரத்தில் போன படகு 22 பேரைப் பலிகொண்டது. இரண்டிலிருந்தும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை எளிய விதிகளே. மிதவைச் சட்டையைக் கரையிலேயே மாட்டிப் பட்டையை இறுக்குங்கள். அளவுக்கு மேல் ஆள் ஏறினால் நீங்கள் இறங்கிவிடுங்கள். நீர்நாய் தெரிந்தாலும் எழுந்து நிற்காதீர்கள். இருட்டப்போகும் வேளையில் படகு வேண்டாம். கையை நீட்டிக் கிளையை ஒடிப்பதும் கூடாது. தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பெருந்துன்பம்.

கைப்பையில் அதிகம் வேண்டாம். குடிநீர், தொப்பி, மங்கிய நிறத்தில் முழுக்கைச் சட்டை, கைப்பேசிக்கு ஓர் உறை. தொலைநோக்கி 8 மடங்கு பெரிதாக்குவதே போதும். ஆடும் படகில் 10 மடங்குக் கருவி கை நடுக்கத்தையும் பத்து மடங்காக்கிவிடும். வாய்க்காலில் இருளர் குடும்பங்கள் நீரில் அமர்ந்தபடியே கையால் துழாவி இறால் பிடிப்பதைப் பார்க்க நேரலாம். அது அவர்களுடைய பிழைப்பு. படகை விலக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள், கேட்காமல் படமெடுக்காதீர்கள்.

முதுமலையில் யானையும் காட்டெருமையும் இருக்க, நண்டையும் உள்ளானையும் பார்க்க இவ்வளவு தூரமா என்பது கடைசி ஆட்சேபம். பெரிய விலங்கைப் பார்ப்பதே நோக்கம் என்றால் அது நியாயமானது. பிச்சாவரத்தில் நரியும் நீர்நாயும் உண்டென்றாலும் கண்ணில் படும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் ஒரு காடு எப்படி இயங்குகிறது என்பதை இரண்டு மணி நேரத்தில், கண்ணெதிரே, நீர் இறங்க இறங்கக் காட்டக்கூடிய இடம் மலையில் இல்லை. கோத்தகிரியின் லாங்வுட் சோலையும் பிச்சாவரமும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றவை. பிச்சாவரம் 2022-ல், சோலை 2024-ல். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் ஒரு வாரம் முன்பு சோலையைக் காட்டிவிட்டுப் பிறகு கழிக்குப் போனால் இரண்டும் நன்றாக மனதில் பதியும்.

உங்களுக்குக் கிடைப்பது மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை நண்பகல் மட்டும்தான் என்றால் இந்த ஆண்டு போக வேண்டாம். அந்தப் பணத்தை வைத்திருந்து, அடுத்த தை மாத நாள்காட்டி கையில் கிடைத்ததும் அமாவாசை எந்தத் தேதியில் என்று முதலில் பாருங்கள்.