மழைக்காலக் காய்ச்சல்: சிறுநீரக நோயாளிகளுக்கான கொரோனா ஆலோசனை

கொரோனா நுரையீரலோடு நிற்பதில்லை. வைரஸ் செல்லுக்குள் நுழையப் பற்றிக்கொள்ளும் ஏசிஇ2 புரதம் சிறுநீரக நுண்குழாய்களிலும் இருக்கிறது. ஆனால் தொற்று கடுமையாகும்போது ஆக்சிஜன் குறைவதும், ரத்த அழுத்தம் சரிவதும், உடலில் நீர் வற்றுவதும், நுண்ணிய ரத்தக் குழாய்களில் ரத்தம் உறைவதும்தான் சிறுநீரகத்தை அதிகம் முடக்குகின்றன. தடுப்பூசி வராத 2020இல், ஐரோப்பாவில் தொற்றுக்குள்ளான டயாலிசிஸ் நோயாளிகளில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இறந்தனர். இன்று நிலைமை அவ்வளவு மோசமில்லை. என்றாலும் மற்றவர்களைவிட இவர்களுக்கு ஆபத்து அதிகம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் டெங்கு, எலிக்காய்ச்சல், ஃப்ளூ, கொரோனா எல்லாமே காய்ச்சலும் உடம்புவலியுமாகத்தான் தொடங்குகின்றன. இவற்றில் எதுவும் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். ஆகவே சிறுநீரக நோயுள்ளவர் மூன்று நாள் பொறுத்துப் பார்க்காமல், முதல் நாளே மருத்துவரைப் பார்த்துப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கொரோனாவுக்கான வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை அறிகுறி தொடங்கிய ஐந்து நாளுக்குள் ஆரம்பித்தாக வேண்டும் என்பதும் இதற்கு ஒரு காரணம்.

இந்தப் பருவத்தில் பெரிய கேடு பல நேரங்களில் மருந்துக்கடையிலிருந்தே வருகிறது. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், அசிக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கின்றன. காய்ச்சலில் நீர் வற்றிய உடலில் இவை போய்ச் சேர்ந்தால் கிரியாட்டினின் சில நாட்களிலேயே ஏறிவிடலாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். அதையும் மருத்துவர் சொன்ன அளவில்தான் எடுக்க வேண்டும். வைட்டமின் சி மாத்திரையை அதிக அளவில் விழுங்கினால் சிறுநீரகத்தில் ஆக்சலேட் படியக்கூடும். காய்ச்சல் என்றதும் அன்போடு வெட்டித் தரப்படும் இளநீரில் பொட்டாசியம் மிகுதி. டயாலிசிஸ் நோயாளிக்கு அது இதயத் துடிப்பையே குலைத்துவிடக்கூடும்.

டயாலிசிஸ் முறையை எக்காரணம் கொண்டும் தள்ளிப்போடக் கூடாது. தவறினால் பொட்டாசியம் ஏறும், நுரையீரலில் நீர் கோக்கும். அதனால் வரும் மூச்சுத்திணறலையும் கொரோனா என்றே குழம்ப நேரிடும். காய்ச்சலோ இருமலோ இருந்தால் புறப்படும் முன்பே மையத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, முகக்கவசம் அணிந்து போக வேண்டும். தெரிந்தால்தான் அவர்களால் தனி இடமோ தனி நேரமோ ஒதுக்க முடியும்.

மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மாத்திரைகளைத் தாமாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் உறுப்பை உடல் நிராகரித்துவிடக்கூடும். கொரோனாவுக்கான நிர்மட்ரெல்விர்–ரிட்டோனாவிர் மருந்து அந்த மாத்திரைகளில் ஒன்றான டாக்ரோலிமஸின் அளவை ரத்தத்தில் ஆபத்தாக உயர்த்தும் என்பதால், சிறுநீரக மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடங்கவும் கூடாது. தடுப்பூசி இவர்களுக்குக் குறைவாகவே பலன் தருவதால், வீட்டில் உள்ளவர்களும் போட்டுக்கொள்வது நல்லது.

ரத்த அழுத்த மாத்திரைகளைக் கொரோனாவுக்குப் பயந்து நிறுத்தத் தேவையில்லை. வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் மட்டும் அவற்றையும், நீர் பிரியும் மாத்திரை, மெட்ஃபார்மின் ஆகியவற்றையும் சில நாள் நிறுத்திவைக்க வேண்டுமா என்று அன்றே மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

சிறுநீர் வெகுவாகக் குறைதல், மூச்சுத்திணறல், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழ் இறங்குதல், மனக்குழப்பம் இவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கடுமையான தொற்றிலிருந்து தேறியவர்கள் கிரியாட்டினினையும் சிறுநீரில் புரதத்தையும் மருத்துவர் சொல்லும் நாளிலும், மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும்.